வானொலிப் பெட்டிக்கு வைத்தியம்

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், பரண்மீதோ அலமாரியின் மேல்தட்டிலோ பழைய வால்வு வானொலிப் பெட்டி ஒன்று துணி போர்த்தி வைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பாட்டனாரோ தந்தையாரோ உத்தியோகம் கிடைத்துத் தில்லிக்கும், அன்றைய பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்த காலத்தில், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பெட்டி அது. வெறும் பொழுதுபோக்கிற்காக மட்டும் அவர்கள் அதனை வாங்கவில்லை. 1938ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை நிலையத்தையும், 1939ஆம் ஆண்டில் தொடங்கிய திருச்சி நிலையத்தையும், கடல் கடந்த கொழும்பையும் இரவு வேளையில் தேடிப் பிடித்துத் தாய்மொழியைக் காதாரக் கேட்பதே அவர்களுடைய முதல் நோக்கம்.

பகலில் கிட்டாத நிலையம் இரவில் கிட்டியதற்குக் காரணம் உண்டு. வானில் ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், கதிரவனின் ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று பகலில் தோன்றி, மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. மாலை மயங்கியதும் அவ்வடுக்கு கலைந்துவிடும். அதற்கு மேலுள்ள அடுக்குகள் அலைகளைத் திருப்பித் தரைக்கு அனுப்ப, நெடுந்தொலைவிலுள்ள நிலையமும் நம் வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும்.

அத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை இன்று ஊமையாகிக் கிடக்கின்றன. வால்வுப் பெட்டியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் பழுதைச் சொல்லிவிடும் தொழிலாளர்கள் அருகிவிட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில், தொழிலுக்காக அன்றி ஆர்வத்தால் இவ்வேலையைக் கற்றுக்கொண்ட அன்பர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். வங்கியில் கணக்குப் பார்ப்பவர், ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியர், கல்லூரி மாணவர் என்று பல திறத்தினர் அவர்களுள் அடங்குவர். ஒருவர் வீட்டுப் பெட்டி பழுதானால் இன்னொருவர் தொலைபேசியில் வழி சொல்கிறார். விடுமுறை நாளில் நேரில் வந்து பார்க்கிறார். தம்மிடம் உபரியாக உள்ள வால்வை அஞ்சலில் அனுப்புகிறார். கூலி கேட்பவர் இல்லை. இவ்வுதவி எவ்வாறு பயன்படுகிறது, எங்கே இடறுகிறது என்பதைப் பற்றிச் சில செய்திகளை இங்கே கூற விரும்புகிறோம்.

நம் நாட்டில் வானொலியே இத்தகைய ஆர்வலர்களின் கைவண்ணத்தால் பிறந்தது என்பதையும் இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 1923ஆம் ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் ஒலிபரப்பத் தொடங்கின. 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றபோது, அதன் கருவியைச் சென்னை நகராண்மைக் கழகம் ஏற்று, 1930இல் மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசாங்கம் பெரிய அளவில் கால் வைக்கும் முன்பே, தனி மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டுக் கற்று இக்கலையை வளர்த்தார்கள். இன்று பழைய பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு நண்பரைத் தொலைபேசியில் அழைப்பவரும் அந்த வழியில் வந்தவரே.

இனி உதவியின் தொடக்கத்திற்கு வருவோம். உதவி வேண்டுவோரில் பலரும் முதலில் சொல்லும் வாசகம், “பெட்டி பாடவில்லை” என்பதுதான். வைத்தியரிடம் சென்று, “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பதைப் போன்றது இது. பெட்டி அறவே ஊமையா? சிறு இரைச்சலேனும் உண்டா? வால்வுகளில் ஒளி தெரிகிறதா? நின்றுபோன அன்று வாசனையோ புகையோ எழுந்ததா? அதன்பின் யாரேனும் உள்ளே கை வைத்தார்களா? இக்கேள்விகளுக்குரிய விடைகளில் பாதிப் பழுது வெளிப்பட்டுவிடும். கடைசிக் கேள்விக்கு மட்டும் நேரான விடை எளிதில் வருவதில்லை என்பது நம் அனுபவம்! முன்பு ஒருவர் கம்பியை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். உடையவர் அதனைச் சொல்லத் தயங்குவார். இயற்கையாக வந்த பழுதைத் தேடும் வழி வேறு, மனிதர் கையால் வந்த பழுதைத் தேடும் வழி வேறு. ஆகையால், எது நடந்ததோ அதனை நடந்த வரிசையில் சொல்லிவிடுதல் நலம்.

ஆனால், பழுது யாதாயினும், உதவி செய்பவர் முதலில் பேச வேண்டியது பழுதைப் பற்றி அன்று, உயிரைப் பற்றி. வால்வுப் பெட்டிக்குள் 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் உண்டு. அதனைச் சீராக்கும் பொருட்டுப் பெரிய கண்டென்சர்கள், அதாவது மின்தேக்கிகள், வைக்கப்பட்டிருக்கும். செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் அவை மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

இதில் பலரும் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியை அணைத்தால், சூடாறாத வால்வுகள் சில நொடிகள் மின்னோட்டத்தை இழுத்து, அந்தத் தேக்கத்தைத் தாமே வடித்துவிடும். பழுதான பெட்டியில், வால்வு இறந்தோ கம்பி அறுந்தோ இருந்தால், வடிப்பதற்கு வழியே இராது. எனவே, பாடும் பெட்டியைக் காட்டிலும் பாடாத பெட்டியே அணைத்த பின்னும் கொடியது. “எத்தனையோ முறை தொட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவர், நல்ல பெட்டிகளைத் தொட்டவராக இருக்கலாம்.

தேக்கத்தை வடிக்கும் முறை எளிது. பெட்டியை அணைத்துச் செருகியை நீக்கிய பின், 4.7 கிலோ ஓம், 10 வாட் அளவுள்ள ரெஸிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நன்கு உறையிட்ட கம்பியும் கவ்வியும் பொருத்தி, ஒன்றைச் சேஸிஸிலும் மற்றொன்றைக் கண்டென்சரின் நேர்முனையிலும் சில நொடிகள் வைத்திருக்க வேண்டும். 50 மைக்ரோபேரட் கண்டென்சர் இதனால் இரண்டு நொடிகளுக்குள் ஏறத்தாழ வடிந்துவிடும். அதன்பின் மீட்டரை வைத்து, வடிந்ததை உறுதி செய்துகொண்டே கை வைக்க வேண்டும். திருப்புளியால் இரு முனைகளையும் இணைத்துப் பொறி பறக்கச் செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க நேர்ந்தால், ஒரு கையை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையாலேயே அளப்பது பழைய தொழிலாளர்களின் வழக்கம். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரம் நெஞ்சின் வழியே செல்லும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. முற்காலத்தில் சில நகரங்களின் சில பகுதிகளுக்கு நேர்மின்னோட்டமே வழங்கப்பட்டது. நேர்மின்னோட்டத்தில் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. ஆகவே, இருவகை மின்சாரத்திலும் இயங்குமாறு, டிரான்ஸ்பார்மரே இல்லாத பெட்டிகளைச் செய்தார்கள். அவற்றில் சுவரிலிருந்து வரும் இரு கம்பிகளுள் ஒன்று நேரே சேஸிஸில் இணைக்கப்பட்டிருக்கும். செருகியைத் திருப்பிச் செருகினால், உலோகச் சட்டம் முழுவதும் 230 வோல்ட் மின்சாரம் பாயும். அதனால்தான் அக்காலப் பெட்டிகளில் திருகுகுமிழின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியின் துளையை மெழுகு வைத்து மூடியிருப்பார்கள். மெழுகு உதிர்ந்தோ குமிழ் உடைந்தோ போயிருந்தால், குழந்தை தொட்டாலும் போதும். வால்வுகளின் பெயர்கள் ‘யு’ என்னும் எழுத்தில் தொடங்கினால் இவ்வகைப் பெட்டி என்று ஐயுறலாம். ‘ஈ’ என்று தொடங்கினாலும் முழு நம்பிக்கை கூடாது. ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வைத்த பெட்டிகளிலும் இதே ஆபத்து உண்டு. செருகியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பெட்டியின் சுவிட்சைப் போட்ட நிலையில், செருகியின் ஒவ்வொரு முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே ஓம் அளவைப் பார்க்க வேண்டும். அளவு மிகக் குறைவாக இருந்தால், பிரித்து வைக்கும் ஐஸலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அப்பெட்டியில் வேலை செய்யலாகாது. அது கைவசம் இல்லாத அன்பருக்கு, “இதனை மூடி வையுங்கள்” என்று சொல்வதே உண்மையான உதவி.

பல ஆண்டுகள் உறங்கிய பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகுவதும் தவறு. கண்டென்சருக்குள் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் பயனின்றிக் கிடந்ததால் மெலிந்திருக்கும். முழு அழுத்தமும் ஒருமிக்க வந்தால் அது தாங்காது. இதற்கெனப் பட்டறைகளில் ‘சீரீஸ் விளக்கு’ வைத்திருப்பார்கள். பெட்டிக்குச் செல்லும் ஒரு கம்பியின் இடையே 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை இணைத்துவிடுவதே அது. பெட்டியில் பெரும் பழுது இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும், பெட்டி தப்பும். பழுதில்லையேல் பல்பு முதலில் சற்று ஒளிர்ந்து பின் மங்கும். இதற்கு இழை எரியும் பழைய பல்புதான் வேண்டும், எல்.இ.டி. பல்பு உதவாது. அக்குண்டு பல்பு கடைகளில் அரிதாகி வருவதால், கிடைக்கும்போது இரண்டை வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

இனி, தொலைவிலிருந்து செய்யும் உதவி எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாகபுரியிலிருந்து ஓர் இளைஞர், தில்லியிலுள்ள மூத்த அன்பரைத் தொலைபேசியில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“ஐயா, பெட்டி பத்து நிமிடம் நன்றாகப் பாடுகிறது. பிறகு குரல் கரகரக்கிறது. ஸ்பீக்கருக்கு முந்திய வால்வு தாங்க முடியாத சூடாகிவிடுகிறது. புது வால்வு வாங்கிவிடட்டுமா?”

“அவசரம் வேண்டாம், தம்பி. முதலில் பெட்டியை அணையுங்கள். அது என்ன வால்வு?”

“ஈ.எல். 84, ஐயா.”

இந்த இடத்தில், “ஆமாம், வால்வுதான் போய்விட்டது” என்று சொல்லிவிடுவது மிக எளிது. புது வால்வும் சில நாட்களில் அதே கதியை அடையும் என்பதுதான் துன்பம். அதற்குள் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கருகிவிட்டால், அதற்குரிய மாற்று எளிதில் கிட்டாது. கம்பியை அவிழ்த்து மீண்டும் சுற்றும் ஆளைத் தேடி அலைய நேரும். ஆகவே, மூத்தவர் அளவு கேட்கிறார். அவ்வால்வின் மூன்றாம் முனை கேதோடு. அதனைச் சேஸிஸுடன் இணைக்கும் ரெஸிஸ்டர் ஒன்று உண்டு. அதன் மதிப்பு 150 ஓம் என்று இளைஞர் படித்துச் சொல்கிறார். அதன் குறுக்கே 7 வோல்ட்டை ஒட்டி இருந்தால், மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியர் அளவில் ஓடுகிறது, அது முறையானதே. ஆனால், மீட்டர் 11 வோல்ட் காட்டுகிறது என்கிறார் இளைஞர். பதினொன்றை 150ஆல் வகுத்தால் 73 மில்லி ஆம்பியர் வருகிறது. அந்த வால்வு தாங்கக்கூடிய எல்லை 65. வால்வு நோய்ப்பட்டிருக்கிறதா, அல்லது பிறரால் வருத்தப்படுகிறதா என்பதே அடுத்த கேள்வி.

விடை இரண்டாம் முனையாகிய கிரிட்டில் இருக்கிறது. முந்திய வால்விலிருந்து ஒலியை இந்தக் கிரிட்டுக்குக் கடத்துவது 0.01 அல்லது 0.022 மைக்ரோபேரட் அளவுள்ள ஒரு சிறு காகிதக் கண்டென்சர். ஒலியை விட வேண்டும், நேர்மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டும் என்பதே அதற்கு இட்ட பணி. ஆண்டுகள் செல்லச் செல்லக் காகிதம் ஈரம் உறிஞ்சி, அக்கண்டென்சர் கசியத் தொடங்குகிறது. அதனால், வோல்ட் ஏதும் இராது சுழியத்தில் நிற்க வேண்டிய கிரிட்டில் 3 வோல்ட், 5 வோல்ட் என்று ஏறுகிறது. வால்வு வரம்பு மீறி மின்னோட்டத்தை விடுகிறது. ஆனால், வால்வுக்குள்ளேயே வாயு சேர்ந்திருந்தாலும் கிரிட்டில் இதே அறிகுறி தோன்றும். இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? பெட்டியை அணைத்து, தேக்கத்தை வடித்து, சந்தேகத்திற்குரிய கண்டென்சரின் ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டு, மீண்டும் போட்டு அளக்க வேண்டும். கிரிட்டின் வோல்ட் மறைந்துவிட்டால் குற்றவாளி கண்டென்சர். மறையாமல் நின்றால் குற்றவாளி வால்வு. ஓர் அளவு, ஒரு கால், ஒரு விடை! விலையுயர்ந்த வால்வு தப்பியது. சில ரூபாய்க் கண்டென்சரோடு வேலை முடிந்தது.

மூத்தவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இதில் உண்டு: “உங்களுடையது எந்த மீட்டர்?” கிரிட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே இருக்கும் தடை பெரும்பாலும் அரை மெகா ஓமிலிருந்து ஒரு மெகா ஓம் வரை இருக்கும். பழைய முள் மீட்டரை அங்கே வைத்தால், மீட்டரே அழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும்; 5 வோல்ட் இருக்கும் இடத்தில் அரை வோல்ட்டுதான் தெரியும். இப்போது மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டர் இவ்வகையில் மேலானது. பத்து மெகா ஓம் அளவு தடையுடையதாகையால் உள்ளதை உள்ளபடி காட்டும். அளவைச் சொல்லும்போது மீட்டரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், இருவரும் இரு வேறு பெட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

உதவி செய்பவரின் பக்கத்திலும் குறையுண்டு. “எல்லாக் கண்டென்சர்களையும் மாற்றிவிடு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுபவர்கள் சிலர். மூத்த கைக்கு அது பொருந்தலாம். புதியவர் ஒரே இரவில் இருபதை மாற்றி, அவற்றுள் ஒன்றைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால், முன்பிருந்த ஒரு பழுதோடு இன்னொன்றும் சேரும். எது எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்று, போட்டுப் பார், எழுதி வை என்பதே நாம் பரிந்துரைக்கும் முறை. பெட்டியைக் கலைப்பதற்கு முன் உட்புறத்தைப் பல கோணங்களில் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வதும் நல்லது. கைத்தொலைபேசி இவ்வகையில் செய்யும் தொண்டு, அன்றைய தொழிலாளர்களுக்குக் கிட்டாத பேறு.

பொருள் வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லஜபத் ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு ஆகியவை இவ்வன்பர்கள் அறிந்த தலங்கள். கடைக்காரரிடம் 0.01 மைக்ரோபேரட் என்று சொன்னால் சில வேளை விழிப்பார். 103 என்றால் உடனே எடுத்துத் தருவார். இரண்டும் ஒன்றே. 400 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்குவதா என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். மொழியும் சற்றுத் தடுமாறச் செய்யும். நம் ஊரில் பற்றவைப்பதற்கு ‘ஈயம்’ கேட்டுப் பழகியவர், வடக்கே ‘ராங்கா’ என்று கேட்க வேண்டும். ஈயம் ஒட்டுவதற்குத் தடவும் பிசினுக்கு ‘பிரோஜா’ என்று பெயர். பற்றவைத்த இடம் ‘டாங்கா’. இம்மூன்று சொற்களை அறிந்தவரைக் கடைக்காரர் புதியவர் என்று எண்ணுவதில்லை. பேரத்திலும் அதன் பயன் தெரியும்.

இக்கலையைப் புதிதாகத் தொடங்குபவர் வால்வுப் பெட்டியில் தொடங்க வேண்டா என்பது நம் கருத்து. டிரான்ஸிஸ்டர் பெட்டி 3 முதல் 9 வோல்ட்டில் இயங்குவது. மின்கலத்தில் ஓடும்போது அதனைத் தொட்டால் உயிருக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அதில் பெரும்பாலும் நேரும் பழுதுகளும் எளியவை. மின்கலம் கசிந்து பச்சை பூத்த தகடு, தூசு ஏறிக் கரகரக்கும் ஒலிக்குமிழ், விரிசல் விட்ட பற்றவைப்பு, பெரைட் தண்டிலிருந்து அறுந்த மயிரிழைக் கம்பி, காதுக்கருவி செருகும் துளையில் ஒட்டாமல் நிற்கும் தகடு என்பவையே நூற்றில் பெரும்பங்கு. இவற்றில் கை பழகியவர், பின்னர் மூத்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வால்வுக்குச் செல்லலாம்.

கடைசியாக, உதவி பெற்றவர்கள் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று. பெட்டி பாடத் தொடங்கியதும் மகிழ்ச்சியில் மூழ்கிவிடுகிறார்கள். வழி சொன்னவருக்குச் செய்தி போவதில்லை. தில்லியிலுள்ளவர், தாம் சொன்னது கண்டென்சரைப் பற்றிச் சரியாயிற்றா, வால்வைப் பற்றிச் சரியாயிற்றா என்று அறியாமலே இருப்பார். அடுத்த மாதம் இந்தூரிலிருந்தோ புவனேசுவரத்திலிருந்தோ வேறொருவர் இதே கரகரப்போடு அவரை அழைக்கும்போது, முந்திய பெட்டியின் முடிவு தெரிந்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். ஆகவே, பெட்டியின் பெயர், வால்வுகளின் வரிசை, முதலில் கண்ட அறிகுறி, எடுத்த அளவுகள், மாற்றிய பொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை வழி சொன்னவருக்கு அனுப்பி, மற்றொன்றைப் பெட்டியின் பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தேதியையும் மறவாது எழுத வேண்டும். முன்பு வேலை செய்த தொழிலாளர் பென்சிலால் எழுதி வைத்த தேதி சில பெட்டிகளில் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதற்குக் கீழே இடமும் இருக்கிறது.